மேட்டில் நிறுத்திய எஞ்சின்

தம்பி,

உட்கார்ந்து வாசி. வேலைக்குப் போகிற பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வாசிக்கிற கடிதம் இல்லை இது. நான் கடைசியாக ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியது தோட்டத்துத் துரைக்கு லீவு கேட்டுத்தான், அதிலும் பாதி பொய். அதனால் எழுத்து கோணல்மாணலாகத்தான் போகும், பொறுத்துக்கொள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். எட்டு மாதமாகப் போனில்தான் சொல்லப் பார்க்கிறேன். "சாப்பிட்டீங்களாப்பா" என்று நீ கேட்பாய். ஆமாம் என்று சொல்லிவிட்டு, போனை உன் அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்துவிடுகிறேன். அடுத்த லயத்து வீட்டு ராமையாவின் மருமகன் வருகிற கிழமை கட்டாருக்கு வருகிறான். அவன் கையில் கொடுத்து விடுகிறேன். அவன் பிரித்துப் பார்க்கிற ஆள் இல்லை. பார்த்தாலும் பரவாயில்லை, இனி மறைக்க என்ன இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை நீ போன் எடுத்தபோது, "அந்த டூல் பெட்டிய யாருக்காச்சும் குடுத்துருங்கப்பா, எனக்கு இனிமே வேண்டியதில்ல" என்றாய். இந்த மாத முடிவில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடப்போவதாகவும் சொன்னாய். பெட்டி தூக்குகிற வேலைக்கு, எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்கிற என் மகன். நீ வேலை செய்த வத்தளைக் கராஜ் முதலாளி எனக்கே இரண்டு தடவை போன் எடுத்தார். சிங்களத்தில் மரியாதையாகப் பேசுகிற மனிதன். எப்படியாவது திரும்பி வரச் சொல்லுங்கள், அவன் இடத்தில் இன்னும் ஆள் போடவில்லை என்றார். அவருக்கும் நீ மறுத்துவிட்டாய், காரணம் சொல்லவில்லை. எனக்குக் காரணம் தெரியும். நம் ஜீப்பில் நீ பூட்டிய டர்போதான் உன் அம்மாவை முடக்கிப் போட்டது என்று நம்புகிறாய். அதனால்தான் ஸ்பேனரைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறாய். அது உன் கை செய்த வேலை இல்லை, தம்பி. என் கை செய்தது. எனக்கு அது அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டேதான் உன்னை விமானம் ஏற்றினேன்.

நீ அறிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். முதலில் இருந்து வந்தால்தான் அந்த இடத்துக்கு வந்து சேர எனக்குத் தைரியம் வரும். தோட்டத்து லொறி வேலையை விட்ட வருடம் வாங்கிய ஜீப் அது, உன்னைவிட வயதில் மூத்தது. தோட்டத்தில் நாம் இருக்கிற மேட்டு டிவிஷனுக்கு பஸ் கிடையாது. பொகவந்தலாவை டவுனுக்குப் போக வேண்டுமானால் கல் ரோட்டில் மேடு ஏறி, முனியாண்டி கோயில் உச்சியைத் தாண்டி, அந்தப் பக்கம் பாலம் வரை இறங்கி, மறுபடி ஒரு சின்ன ஏற்றம் ஏறித் தார் ரோட்டைப் பிடிக்க வேண்டும். நோய் நொடி என்றால் என் வண்டிதான். ஆனால் உச்சிக்கு முந்திய வளைவில் எஞ்சினுக்கு மூச்சு வாங்கிவிடும். கறுப்புப் புகையாகக் கக்கும், ஏறாது. ஆட்களை இறக்கி நடக்க விட்டு, வெறும் வண்டியை ஏற்றி உச்சியில் காத்திருந்து திரும்ப ஏற்றிக்கொள்வேன். பிள்ளைத்தாச்சிகளைக்கூட இறக்கியிருக்கிறேன். "நோயாளிய நீங்க ஏத்திட்டுப் போறீங்களா, நோயாளி ஒங்க ஜீப்ப தள்ளிட்டுப் போறாங்களா" என்று உன் அம்மா ஊர் கேட்கக் கேலி பண்ணுவாள். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் அவள் சொன்னது நிஜம்.

டர்போவை மாற்ற வேண்டும் என்று சொன்னது நீதான். பழசு தேய்ந்துவிட்டது, புதிதாக இருந்தாலும் அது இந்த மலைக்குப் போதாத சின்ன டர்போ என்றாய். மேலே ஏற ஏறக் காற்று மெலிகிறது, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ள இன்னும் பெரியது வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தாய். முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு நேற்றுப் பிறந்தவன் பாடம் எடுக்கிறான் பார் என்று உன் அம்மாவிடம் முணுமுணுத்தேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது, அதை உன்னிடம் ஒரு தரமும் சொல்லவில்லை. தீபாவளி லீவுக்கு, ரீகண்டிஷன் எஞ்சின் ஒன்றில் இருந்து கழற்றிய டர்போவைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். கினிகத்தேனையில் பஸ் நின்றபோதுகூட அதை விட்டு இறங்கி ஒரு பிளேன்டீ குடிக்கவில்லை என்றாய். நாலு நாள் லயத்து வாசலில் மல்லாந்து கிடந்து பூட்டினாய். புகைக்குழாயை வெட்டி ஒட்டினாய், பம்பில் டீசலைக் கொஞ்சம் கூட்டினாய், சூடு பார்க்க ஒரு மீட்டர் வைத்தாய். டர்போவுக்கு ஒயில் போகிற குழாயைப் பூட்டும்போது மட்டும், கசியாமல் இடையில் வைக்கிற கேஸ்கட் கிழிந்துபோனது. பண்டிகை, ஹட்டனில் கடை எல்லாம் பூட்டு. வேறு வழியில்லாமல் கேஸ்கட் பசையை விரல் நுனியில் எடுத்து, குழந்தைக்கு மை வைப்பது போல ஓரத்தில் தடவினாய். அப்போது உன் முகத்தில் ஒரு தயக்கம் இருந்ததை நான் பார்த்தேன்.

வெள்ளோட்டம் விட்ட நாள் ஞாபகம் இருக்கும். முன்னால் உன் அம்மா, நடுவில் நீ, பின்னால் ராமையாவோடு ஏழு பேர். அந்த வளைவு வந்ததும் பழக்கத்தில் இரண்டு பேர் இறங்குவதற்கு எழுந்துவிட்டார்கள். நீ திரும்பிப் பார்த்து உட்காரச் சொன்னாய். ஜீப் இரண்டாம் கியரில், ஒரு பொட்டுப் புகை இல்லாமல் மேலே ஏறியது. பின்னால் இருந்தவர்கள் கை தட்டினார்கள். உச்சியில், கோயிலுக்கு முன்னால், எல்லா டிரைவர்மாரும் செய்கிற மாதிரி எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிச் சூடம் கொளுத்தச் சாவியில் கை வைத்தேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"நிப்பாட்டாதீங்கப்பா. ஏறி வந்த சூட்டுல டர்போ நெருப்பா இருக்கு. எஞ்சின் நின்னா அதுக்கு ஒயில் போறதும் நின்னுரும். உள்ள இருக்கிற ஒயில் கருகிக் கட்டிப் போயிரும். ரெண்டு நிமிசம் சும்மா ஓட விட்டுட்டு நிப்பாட்டுங்க."

"எஞ்சின் உறுமிக்கிட்டு இருக்கயில சாமி கும்புடச் சொல்றியா?"

"சாமி கோவிச்சிக்காதுப்பா. டர்போதான் கோவிச்சிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். உன் அம்மாதான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அன்றைக்கு நீ சொன்னபடியே ஓட விட்டு, சூடம் கொளுத்தி, கும்பிட்டுவிட்டு வந்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாகக் குத்தி நின்றுவிட்டது. நீ வத்தளைக்குத் திரும்பிய மூன்றாம் நாள், அதே இடத்தில், ஏறின சூடு ஆறாமல் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் நிறுத்தினேன். அப்புறம் தினமும்.

முனியாண்டிக்காக நிறுத்தினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். டீசல் கிடைக்காமல் பெட்ரோல் செட்டில் நாள் கணக்காகக் கியூவில் கிடந்தோமே, அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து டிரைவர்மார் எல்லாரும் பழகிய வேலை ஒன்று உண்டு. உச்சியில் எஞ்சினை நிறுத்திவிட்டு, நியூட்ரலில் பாலம் வரை வண்டியை உருட்டி விடுவது. பிரேக் கல்லு மாதிரி இறுகிப்போகும், ஸ்டியரிங் கனக்கும், ஆனாலும் உருட்டுவோம். மிஞ்சுவது ஒரு மூடி டீசல். கியூ போய்விட்டது, என் கையில் அந்தப் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. அதற்கு மேலே, ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. மகன் சொல்லிக் கொடுத்தபடி நடக்கிறார் பார் என்று நினைப்பார்களாம். யாரும் அப்படி நினைக்கவில்லை, தம்பி. அவரவருக்கு டவுனுக்குப் போகிற அவசரம்.

இந்தப் புத்தி எனக்குப் புதிது இல்லை. லொறி ஓட்டுகிற காலத்தில் பேக்டரி கேட்டின் தூணை இடித்துவிட்டு, வாட்சர் கேட்டைப் பாதி சாத்தி வைத்திருந்தான் என்று துரையிடம் சொன்ன கதையை நீ சின்னப் பிள்ளையில் இருந்து கேட்டிருக்கிறாய். நான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வேன், நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். கதையின் மிச்சத்தை நான் சொன்னதே இல்லை. அந்த வாட்சரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பெண்சாதி பிள்ளைகளோடு குடியிருந்த லயத்துக் காம்பராவையும் விட்டுப் போனான். எங்கே போனான் என்று தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை. கேட் முழுசாகத் திறந்துதான் இருந்தது.

மாசி பிறக்கும்போதே வண்டி எனக்குச் சொல்லத் தொடங்கிவிட்டது. ஏற்றத்தில் டர்போவின் விசில் சத்தத்தோடு, காதுக்குள் கொசு புகுந்த மாதிரி இன்னொரு சத்தம் சேர்ந்து வந்தது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது நீலப் புகை. ஒயில் மட்டமும் குறைந்துகொண்டே போனது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ போன் எடுத்துக் கேட்பாய், சத்தம் எப்படி, புகை எப்படி என்று. தங்கமாக ஓடுது என்பேன். குறை ஒன்று சொன்னால், நிப்பாட்டினீங்களா என்று கேட்பாய். அதற்குப் பயந்து சொல்லவில்லை. அப்பனுக்கு மகனிடம் இருக்கக்கூடாத பயம் அது. இருந்தது.

உன் அம்மா விழுந்த அன்று மழை. மத்தியானம் பறித்த தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் உன் அம்மாவின் வலது கையில் இருந்து சாக்கு நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கங்காணி ஆள் அனுப்ப, நானும் ராமையாவும் அவளைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தோம். ராமையா பின்னால் இருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். நினைவு இருந்தது, பேச்சுத்தான் வரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஜீப் பறந்தது, தம்பி. உன் டர்போ அன்றைக்கு அந்த மேட்டை மேடாகவே மதிக்கவில்லை. இந்த வேகத்தில் போனால் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். உச்சி வந்தது. கோயிலில் நான் நிற்கவில்லை. ஆனால் கை தன்பாட்டில் சாவிக்குப் போனது. நிறுத்தினேன். பெண்சாதி பக்கத்தில் வாய் கோணி உட்கார்ந்திருக்க, வண்டியை நியூட்ரலில் உருட்டிக்கொண்டு பாலம் வரை இறங்கினேன்.

பாலத்தைத் தாண்டி, அந்தச் சின்ன ஏற்றத்துக்கு ஸ்டார்ட் பண்ணினேன். மிதிக்காமலேயே எஞ்சின் அலறத் தொடங்கியது. வெள்ளைப் புகை ரோட்டை மூடிவிட்டது. சாவியைத் திருப்பினேன், நிற்கவில்லை. டர்போ உடைந்து தன் ஒயிலை எஞ்சினுக்குள் ஊற்ற, அதையே குடித்துக்கொண்டு அது ஓடியது. கடைசியில் நாலாம் கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்தி, கிளச்சை விட்டு அடக்கினேன். ஒரு இடி இடித்துச் செத்தது. அதற்குப் பிறகு நானும் ராமையாவும், கொழுந்து மலையில் இருந்து ஓடி வந்த நாலு பேரும், கம்பளியைக் கம்பில் கட்டி அவளைத் தார் ரோடு வரை சுமந்தோம். அங்கே வெகுநேரம் கழித்துத்தான் ஒரு த்ரீவீல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரி டொக்டர் அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எப்போது விழுந்தார் என்று கேட்டார். சொன்னேன். "பரக்குய்" என்றார். பிந்திவிட்டது என்று அவர் சொன்னது புரிய எனக்குச் சிங்களம் போதும்.

மூன்றாம் நாள் நீ வந்து, பாலத்தடியில் நின்ற ஜீப்பில் இருந்து டர்போவைக் கழற்றினாய். ராமையா நின்றான், லயத்து ஆட்களும் சுற்றி நின்றார்கள். ஒயில் குழாய்க்குள் கரி கட்டிக் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தம் இல்லாமல்தான் கேட்டாய்.

"சூடா நிப்பாட்டினீங்களாப்பா?"

"இல்ல. நீ சொன்ன மாதிரி ரெண்டு நிமிசம் ஓட விட்டுத்தான் நிப்பாட்டுனேன்."

 குழாயின் வாயை விரலால் தடவினாய். ஓரத்தில் பசை ஒரு நூல் மாதிரி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பசை வழியை அடைத்து, ஒயில் போதாமல் போய், மிச்ச ஒயில் கருகியது என்று நீயே ஒரு விளக்கம் கட்டிக்கொண்டாய். "அப்ப ஏங் கைதான்" என்றாய். ராமையா என்னைப் பார்த்தான். அவனும் எத்தனையோ தடவை அந்த உச்சியில் இருந்து என்னோடு உருண்டு இறங்கியவன். என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். ஆட்கள் முன்னால் கேட்டதால்தான் பொய் வந்தது என்று எழுத இப்போதும் கை வருகிறது. தனியாகக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நீ போன பிறகு அந்தக் குழாயை எடுத்துக் கம்பி விட்டுப் பார்த்தேன். பசை வெளி ஓரத்தோடு நின்றுவிட்டது, தம்பி. வழியில் ஒரு துளி இல்லை. அடைத்துக் கிடந்தது எல்லாம் கரி. உன் வேலையில் குற்றம் இல்லை. அந்தக் குழாயை இந்தக் கடிதத்தோடு கட்டி அனுப்புகிறேன். அப்பன் என்ற உரிமையில் உனக்கு ஒரே ஒரு புத்தி சொல்கிறேன், எனக்கு அந்த உரிமை இன்னும் இருந்தால். கழற்றிய சாமான் ஒன்று சொல்லி, மனிதன் வேறொன்று சொன்னால், சாமானை நம்பு. அந்த மனிதன் உன் அப்பனாக இருந்தாலும் நம்பாதே. நீ கையில் கரியை வைத்துக்கொண்டு என் வாயை நம்பினாய்.

இதை வாசித்ததும் நீ புறப்பட்டு வந்துவிடுவாய், பழையபடி எல்லாம் சரியாகிவிடும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. உன் அம்மாவுக்கு இனிப் பேச்சு வராது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். வலது கை அப்படியேதான் கிடக்கிறது. எழுதிக் காட்டவும் அவளுக்குத் தெரியாது, கையெழுத்து மட்டும்தான் அவள் படித்தது. ஜீப் தகரத்துக்குக் கீழே துருப்பிடித்து நிற்கிறது, வாங்குவார் இல்லை. மேட்டு டிவிஷன் ஆட்கள் மறுபடி நடக்கிறார்கள். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. மன்னித்தாலும் எனக்கு அது எதற்கு, வைத்துக்கொண்டு என்ன செய்வேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உண்மை உன் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். போடுவதும் விடுவதும் உன் இஷ்டம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் மடித்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆஸ்பத்திரியில் இருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, நீ அவள் காலடியில் உட்கார்ந்து, ஏங் கையாலதாம்மா இப்படி ஆச்சு என்று அழுதாய். அவள் இடது கையைத் தூக்கினாள். விரல்களைக் கூட்டிப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். என்னைக் காட்டிவிட்டு மறுபடி திருப்பினாள். உனக்குப் புரியவில்லை. முப்பத்திரண்டு வருடம் கூட இருந்தவனுக்குப் புரியும் என்று என்னைப் பார்த்து, அம்மா என்ன சொல்றாங்கப்பா என்று கேட்டாய். எனக்குப் புரிந்தது. அவள் முன் சீட்டில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவள். "குளிருதாம், கதவச் சாத்தச் சொல்றா" என்றேன். நீ எழுந்து போய்க் கதவைச் சாத்தினாய்.

அவள் உனக்கு ஜீப் சாவியைத் திருப்பிக் காட்டினாள், தம்பி. ஒவ்வொரு முறையும் போனில் உன் முகத்தைக் கண்டதும் அதைத்தான் காட்டுகிறாள். "அம்மாவுக்குக் குளிருது போல, கதவச் சாத்துங்கப்பா" என்று இப்போது நீயே சொல்கிறாய். நானும் எழுந்து போய்ச் சாத்துகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கையைத் திருப்பும்போது கதவைச் சாத்தச் சொல்லாதே. புரிஞ்சிருச்சும்மா என்று சொல்லு. போனைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் இருப்பேன். என்னிடம் ஒன்றும் பேச வேண்டாம்.